புண் இல்லாத எரிச்சல்

வாய் எரிச்சல் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதங்களுக்கும் அதிகமாக நீடித்து, அதற்குக் காரணமான புண் எதுவும் கண்ணுக்குப் புலப்படாவிட்டால், சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வகைப்பாடு அதற்கு ‘பர்னிங் மவுத் சிண்ட்ரோம்’ என்று பெயரிடுகிறது. இவ்வரையறை எது காணப்படவில்லை என்பதைக் கொண்டே நோயைச் சுட்டுவதாலும், பாதிக்கப்படுவோரில் மிகப் பலர் மாதவிடாய் நின்ற பெண்களாக இருப்பதாலும், அவர்களது வலி மனப்பிரமை என்று ஒதுக்கப்படுவது எளிதாகிவிடுகிறது. ஆனால் 2005இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், இத்தகையோரின் நாக்கிலிருந்து எடுத்த திசுத்துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது மேற்புறத்தின் மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருந்தன என்பதால், வரையறை நம்பியிருக்கும் வெறுங்கண் போதுமானதல்ல.

நாக்கின் முன்பகுதியில் சுவையை ஏந்திச் செல்வது முகநரம்பின் கிளை. வலியையும் சூட்டையும் ஏந்திச் செல்வது முப்பெருநரம்பு எனப்படும் வேறொரு நரம்பின் கிளை. லிண்டா பார்டோஷுக், மிரியம் கிருஷ்கா ஆகியோர் முன்வைத்த கருதுகோளின்படி, சுவைநரம்பு இயங்கும்வரை மூளையில் வலிநரம்பின் குரலை அடக்கி வைக்கிறது. அது பழுதடைந்தால் அடக்குவாரின்றி வலி தானே எழுகிறது. உணவு உண்ணும்போது பலருக்கு எரிச்சல் தணிவதையும், வாயில் கசப்போ உலோகச் சுவையோ தங்குவதையும் இது விளக்குகிறது. எனினும் நாக்கு நரம்பை மரக்கச் செய்த பின்னும் சிலருக்கு எரிச்சல் நீடிப்பதால், அவர்களிடம் கோளாறு மூளைக்குள்ளேயே இருக்கக்கூடும்.

வாசகர் கடிதங்களில் இதனோடு கலந்துவிடும் மற்றொன்று, காரம் பட்டால் மட்டும் எரியும் வாய். பாக்கு, குட்கா மெல்லுவோரிடம் அது வாயின் உட்சவ்வு இறுகிப்போகும் நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம் என்பதாலும், அந்நோய் புற்றுநோயாக மாறக்கூடியது என்பதாலும், மூன்று மாதம் காத்திராமல் உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புண் இல்லாத எரிச்சலுக்கு முதலில் என்ன பரிசோதனை? இரும்புச்சத்து, பி12, ஃபோலேட், துத்தநாகம், சர்க்கரை, தைராய்டு, வாய்ப்பூஞ்சை. எனாலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து உண்டா? 48 பேரிடம் நடந்து 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், குளோனசெபாம் மாத்திரையை மூன்று நிமிடம் சப்பித் துப்பியவர்களுக்கு வலி குறைந்தது. பழக்கமாகிவிடும் மருந்தாதலால் மருத்துவர் எழுதித் தராமல் தொடக் கூடாது.

ஆல்ஃபா லிபோயிக் அமிலம்? முடிவுகள் முரண்படுகின்றன.

பர்னிங் மவுத் சிண்ட்ரோம் புற்றுநோயாகுமா? ஆகாது.