ஆற்று வளைவில் பிறந்த பெயர்

அகதா கிறிஸ்டியின் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' நாவலைப் படித்தவர்களுக்குக் கர்னல் அர்பத்நாட்டை நினைவிருக்கும். இந்தியாவில் பணியாற்றிவிட்டுத் தரைவழியாக இங்கிலாந்து திரும்பும் ராணுவ அதிகாரி, விறைப்பான மனிதர். நாவல் வெளியானது 1934இல். 1974இல் படமாக வந்தபோது அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஷான் கானரி. இந்தியாவில் வேலைபார்த்த பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு வைக்கப் பொதுவான பெயர்கள் எத்தனையோ இருக்க, கிறிஸ்டி அபூர்வமான ஒன்றை எடுத்திருக்கிறார். ஆனால் சென்னைக்காரர்களின் கொள்ளுத்தாத்தாக்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் அபூர்வமானதல்ல. வாழ்நாள் சேமிப்பை நம்பி ஒப்படைத்து ஒரே நாளில் பறிகொடுத்த கதையில் அவர்கள் கேட்ட பெயர் அது.

ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர்களில் பல, தொழிலிலிருந்து வந்தவை. கொல்லர் இருந்த ஊரிலெல்லாம் ஸ்மித் குடும்பம் முளைத்தது. இரண்டு ஸ்மித்களுக்கு இடையே உறவு இருக்க வேண்டிய அவசியமில்லை. கேம்பெல், மெக்டொனால்ட் போன்றவை பெருங்குலங்களின் பெயர்கள். தலைவனின் நிழலில் ஒதுங்கியவர்களும் அவன் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அர்பத்நாட் இந்த இரண்டிலும் சேராது. ஒரே ஒரு சிற்றூரின் பெயர் அது. ஆகவே உலகின் எந்த மூலையில் ஒரு அர்பத்நாட் இருந்தாலும், பின்னோக்கி நடந்தால் பெரும்பாலும் அந்த ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அரிய பெயர்களை ஆராய்வதில் இருக்கும் சுகமே இதுதான்: நூல் அறுந்து அறுந்து போகாது.

ஊர், ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையோரம், அபர்டீனுக்குத் தெற்கே இருக்கிறது. பழைய கின்கார்டின்ஷயர் மாவட்டம். உள்ளூர்க்காரர்கள் 'மேர்ன்ஸ்' என்பார்கள். செம்மண் வயல்கள், கடற்காற்று, நடுவே வளைந்து வளைந்து ஓடும் பெர்வி ஆறு. பழைய ஆவணங்களில் ஊரின் பெயர் 'அபர்போத்தனாத்' என்று நீட்டி எழுதப்பட்டிருக்கிறது. 'அபர்' என்பது ஆறு கூடும் இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அபர்டீனிலும் இருப்பது அதுவே. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வில்லியம் தி லயன் மன்னர் காலத்தில், எல்லைப்புறத்து ஸ்விண்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஹியூ என்பவர் இந்த நிலத்துக்கு உரிமையாளரானார். அவர் வழியினர் தங்கள் பழைய பெயரை விட்டுவிட்டு நிலத்தின் பெயரையே சூடிக்கொண்டார்கள்.

அந்தப் பெயர் எழுத்தில் வலுவாகப் பதிந்தது ஒரு நில வழக்கால். 1206இல் பெர்த் நகரில் கூடிய திருச்சபை மன்றத்தில் அர்பத்நாட் டங்கன் பிரதிவாதி. கோயில் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை வெளியேற்றிவிட்டுத் தானே உழத் தொடங்கினார் என்பது அவர் மீது செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆயர் வைத்த குற்றச்சாட்டு. பழைய வழக்கம் தெரிந்த சாட்சிகள் வந்து, அங்கே யார் யார் இருந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று சொன்னார்கள். தீர்ப்பு ஆயருக்கு. எண்ணூறு ஆண்டுப் பெருமை பேசும் குடும்பத்தின் முதல் முக்கிய ஆவணத்தில், நிலத்தை விட்டுத் துரத்தப்பட்ட குடியானவர்களின் குரலும் கூடவே பதிவாகியிருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கவில்லை.

ஊரின் புனித டெர்னன் தேவாலயம் 1242இல் அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கட்டுமானத்தில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அங்கே பங்குக் குருவாக இருந்த ஜேம்ஸ் சிபால்ட், 1491இல் திருப்பலிப் புத்தகம் ஒன்றைக் கையாலேயே எழுதி ஓவியம் தீட்டி முடித்தார். மதச் சீர்திருத்தத்தின்போது ஸ்காட்லாந்தின் கத்தோலிக்கப் புத்தகங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. இது தப்பியது. 'அர்பத்நாட் மிசல்' என்ற பெயரில் பெய்ஸ்லி அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

பக்திக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதையும் அந்த வட்டாரத்தில் வழங்குகிறது. 1420 வாக்கில் மேர்ன்ஸ் பகுதியின் ஷெரிப்பாக இருந்த மெல்வில், நிலக்கிழார்களைப் பாடாய்ப் படுத்தினாராம். புகார்கள் மன்னர் காதுக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. 'அந்த ஷெரிப்பை வேகவைத்துக் கஞ்சியாகக் குடித்தால்தான் என்ன' என்று எரிச்சலில் சொல்லிவிட்டார். நிலக்கிழார்கள் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். வேட்டைக்கு வரச்சொல்லி, கார்வக் மலையில் கொதிக்கும் கொப்பரையில் தள்ளி, ஆளுக்கு ஒரு கரண்டி குடித்தார்கள் என்பது கதை. அந்தப் பள்ளத்துக்கு இன்றும் 'ஷெரிப்பின் கொப்பரை' என்று பெயர். கூட்டத்தில் ஒருவர் ஹியூ அர்பத்நாட். அவர் மன்னிப்புப் பெற்றுப் பிழைத்தார்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பெயர் நிலத்தை விட்டுப் புத்தகங்களுக்குள் நுழைகிறது. 1569இல் அபர்டீன் கிங்ஸ் கல்லூரியின் முதல் புராட்டஸ்டண்ட் முதல்வரானவர் ஓர் அலெக்சாண்டர் அர்பத்நாட். ஸ்காட்லாந்தில் அச்சான முதல் பைபிள் 1579இல் வெளிவந்தது. அதை எடின்பரோவில் அச்சிட்டு முடித்தவரும் அலெக்சாண்டர் அர்பத்நாட்தான், ஆனால் வேறு ஆள். 1641இல் முதலாம் சார்லஸ் மன்னர் குடும்பத் தலைவருக்கு வைகவுண்ட் பட்டம் கொடுத்தார். அந்தத் தலைமைக் கிளை பெயரின் இறுதியில் 't' எழுத்தை இரட்டித்து எழுதும். மற்றக் கிளைகள் பெரும்பாலும் ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொண்டன.

குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் 1667இல் அந்த ஊரிலேயே பிறந்த ஜான் அர்பத்நாட். அப்பா உள்ளூர்ப் பங்குக் குரு. 1689க்குப் பிறகு மாறிய திருச்சபை ஆட்சிமுறையை ஏற்க மறுத்ததால் அவருக்கு வேலை போனது, பிள்ளைகள் சிதறினார்கள். ஜான் லண்டனுக்குப் போய்க் கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்து, மருத்துவம் படித்து, ஆன் அரசியின் மருத்துவரானார். எழுத்தாளர் ஸ்விஃப்டும் கவிஞர் போப்பும் அவருடைய நண்பர்கள். ஆங்கிலேயனைக் கேலிச்சித்திரத்தில் வரைய இன்றும் பயன்படும் 'ஜான் புல்' என்ற உருவத்தை 1712இல் எழுதிப் படைத்தவர் இந்த ஸ்காட்லாந்துக்காரர்தான்.

அவருடைய பெரிய சாதனை ஒரு சிறு கட்டுரை. லண்டனில் 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளுக்கான ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினார். ஒவ்வோர் ஆண்டும், ஓர் ஆண்டு தவறாமல், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம். ஆணா பெண்ணா என்பது காசு சுண்டுவதுபோல் தற்செயலாக இருந்தால், 82 முறையும் ஒரே பக்கம் விழ எவ்வளவு வாய்ப்பு? கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே இது தற்செயலல்ல, இறைவனின் ஏற்பாடு என்று முடித்தார். முடிவை ஏற்காதவர்கள்கூட முறையை விடவில்லை. ஒரு மருந்து நிஜமாகவே வேலைசெய்கிறதா, அல்லது தற்செயலா என்று இன்று புள்ளியியலாளர்கள் சோதிக்கிறார்களே, அந்தச் சோதனையின் முதல் வடிவம் இதுதான் என்று புள்ளியியல் வரலாற்றில் எழுதுகிறார்கள்.

இவ்வளவு சிறிய குடும்பம் ஏன் இவ்வளவு தூரம் பரவியது? ஸ்காட்லாந்தில் நிலம் மூத்த மகனுக்கு. இளையவர்கள் வணிகம், படை, திருச்சபை, சட்டம் என்று ஏதாவதொன்றைத் தேடிப் போக வேண்டும். 1707இல் இங்கிலாந்துடன் இணைந்த பிறகு, கடல் கடந்த பிரிட்டிஷ் பதவிகள் எல்லாம் அவர்களுக்குத் திறந்தன. அபர்டீன்ஷயரில் பீட்டர்ஹெட் துறைமுகத்துப் பக்கம் வேரூன்றிய கிளையிலிருந்து வந்தவர்கள் சகோதரர்களான வில்லியமும் ராபர்ட்டும் ஜார்ஜும். வில்லியம், 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது அந்நகரின் தலைவராக இருந்தவர். ராபர்ட், பிரிட்டிஷார் கைக்கு அப்போதுதான் வந்திருந்த இலங்கையில், ஆளுநர் நார்த்தின் கீழ் தலைமைச் செயலாளர். ஜார்ஜ் சென்னைக்கு வந்தார். 1810 முதல் அங்கே அர்பத்நாட் கம்பெனி.

பாரி, பின்னி, அர்பத்நாட். 19ஆம் நூற்றாண்டுச் சென்னையின் மூன்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் இவை. அர்பத்நாட் வணிகமும் செய்தது, வங்கியும் நடத்தியது. ஓய்வூதியக்காரர், விதவை, ஜமீன்தார், வக்கீல் என எல்லோரும் அங்கே பணம் போட்டார்கள். கம்பெனியின் கணக்கு யாருக்கும் தெரியாது. பெயர் தெரியும், அது போதும் என்றிருந்தது. 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. லண்டன் கூட்டாளி மக்ஃபாடியனின் ஊக வணிகத்தில் பணம் கரைந்திருந்தது. அவர் அதற்குச் சற்று முன்பே அங்கே ரயில் முன் விழுந்து உயிரை விட்டிருந்தார். சென்னையில் தலைமைக் கூட்டாளியான சர் ஜார்ஜ் அர்பத்நாட் விசாரிக்கப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். வெள்ளைக்காரப் பிரபு ஒருவர் சென்னையில் சிறைக்குப் போவது அன்று யாரும் எதிர்பார்க்காத காட்சி.

பணத்தை இழந்தவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். வாதாடியதோடு அவர் நிற்கவில்லை. நம்முடைய பணம் நம்மவர் நிர்வாகத்தில் இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். நகரத்தார் முதலீட்டோடு முன்வந்தார்கள். 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாகி, ஆகஸ்ட் 15 அன்று கதவைத் திறந்தது. திவால் சட்டத்தின் ஓட்டைகளையும் இந்த வீழ்ச்சி அம்பலமாக்கியது. 1909இல் மாகாணத் தலைநகரங்களுக்கான புதிய திவால் சட்டம் வந்தது.

அதே பெயருக்குச் சென்னையில் வேறொரு முகமும் உண்டு. அது மறக்கப்பட்டதில் எனக்கு வருத்தம். அயர்லாந்தில் குடியேறிய கிளையைச் சேர்ந்த, ஆயர் ஒருவரின் மகனான அலெக்சாண்டர் ஜான் அர்பத்நாட், 1855இல் சென்னை மாகாணத்தின் முதல் பொதுக்கல்வி இயக்குநர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டுகளில் உழைத்தவர், பிறகு அதன் துணைவேந்தர். 1872இல் வைஸ்ராய் மேயோ அந்தமானில் கொல்லப்பட, சென்னை ஆளுநர் நேப்பியர் கல்கத்தாவுக்கு அழைக்கப்பட்டார். அந்தச் சில மாதங்கள் ஆளுநர் நாற்காலியில் இருந்தவர் இவர். முன்னாள் ஆளுநர் தாமஸ் மன்றோவின் குறிப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தவரும் இவர்தான். கம்பெனி விழுந்ததற்கு அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் காலமானார்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் வாரம்பங்கிள் மலைத்தொடருக்கு 1818இல் நில ஆய்வாளர் ஆக்ஸ்லி வைத்த பெயர் அர்பத்நாட் மலைத்தொடர். லண்டன் கருவூல அதிகாரி ஒருவரைக் கௌரவிக்க வைத்தது, மண்ணின் மக்கள் சொன்ன பெயரின் முன் நிலைக்கவில்லை. ஹாங்காங்கில் பழைய விக்டோரியா சிறையை ஒட்டி ஓடுவது அர்பத்நாட் சாலை. அதே 1818இல், ஸ்பானிய ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடியினரோடு வணிகம் செய்து, அவர்களுக்காகக் கடிதங்கள் எழுதிவந்த எழுபது வயது அலெக்சாண்டர் அர்பத்நாட்டை, அத்துமீறிப் படையோடு நுழைந்த ஜெனரல் ஆண்ட்ரூ ஜாக்சன் பிடித்து, அந்தக் கிழவரின் சொந்தக் கப்பலின் பாய்மரத்திலேயே தூக்கிலிட்டார். ஜாக்சன் பின்னாளில் அமெரிக்க அதிபர்.

இன்று இந்தப் பெயர் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலும் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும், கடல் கடந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவிலும் சிறுசிறு கொத்துகளாக இருக்கிறது. 1833இல் தொடங்கிய அர்பத்நாட் லேதம் வங்கி லண்டனில் இன்றும் இயங்குகிறது. திருமணத்தால் இந்தப் பெயரைப் பெற்ற அமெரிக்கக் கல்வியாளர் மே ஹில் அர்பத்நாட்டின் நினைவாக, அந்நாட்டு நூலகர்கள் 1970 முதல் சிறார் இலக்கியச் சொற்பொழிவு நடத்தினார்கள். அவருடைய பாடநூல்களில் இருந்த இனப் பாகுபாட்டைக் காரணம் காட்டி 2020இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள்.

சமீபத்தில் இந்தப் பெயர் அதிகம் ஒலித்தது பிரிட்டனின் தபால் நிலைய வழக்கில். ஹொரைசன் என்ற கணினி மென்பொருளின் பிழையால், 1999க்கும் 2015க்கும் இடையே கிளை அஞ்சல் நிலையம் நடத்திய 900க்கும் மேற்பட்டோர் திருட்டும் கணக்கு மோசடியும் செய்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். சிறை சென்றவர்கள் உண்டு, வீட்டை விற்றவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதை நம்பி, நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்காக விடாமல் கேள்வி எழுப்பிய உறுப்பினர்களில் முன்நின்றவர் ஜேம்ஸ் அர்பத்நாட். 2024 ஜனவரியில் இதைத் தொலைக்காட்சித் தொடராகப் பார்த்து நாடே கொதித்தது. அதே ஆண்டு மே மாதம் தண்டனைகளை ரத்துசெய்யும் சட்டம் நிறைவேறியது.

வேர் தேடும் அர்பத்நாட்களுக்கு வேலை மற்றவர்களைவிட எளிது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855இல். அதற்கு முந்தையவை பங்குகளின் பழைய பதிவேடுகளில் இருக்கின்றன. இரண்டும் எடின்பரோவில் காக்கப்படுகின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. போதாததற்கு, குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி கின்கார்டின்ஷயர், அபர்டீன்ஷயர் கிளைகளின் வரலாற்றைத் திரட்டி 1920இல் தடித்த புத்தகமாகவே போட்டுவிட்டார். கனடாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோ தேடிவரும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் முன்னோர் மேர்ன்ஸ் பக்கமா, பீட்டர்ஹெட் பக்கமா, அயர்லாந்துப் பக்கமா என்பதைத்தான். அது தெரிந்துவிட்டால் திறக்க வேண்டிய பதிவேடுகள் மிகச் சில.