இயந்திரத்தினுள் ஓர் ஒற்றன்

நுழையும்முன்
கோடை விடுமுறையில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு மகிழுந்தில் செல்வோர் நம்முள் பலர். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் எனக் கடைவீதிகளின் நெரிசலில் வண்டி ஊரும்பொழுது, ஓட்டுநரின் முன்னுள்ள வெப்பநிலை முள் சிலவேளை மேலேறும். அம்முள்ளுக்குச் செய்தி சொல்வது யார்? அச்செய்தியை அப்படியே நம்பலாமா?

ஒற்றனின் பணி
இயந்திரத்தில் எரிபொருள் எரிவதால் பெருவெப்பம் தோன்றுகிறது. கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் அவ்வெப்பத்தை ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று காற்றில் விடுகிறது. நீர்மம் ஏறத்தாழ 90 பாகை செல்சியசு வெப்பத்தில் இருக்கும்பொழுது இயந்திரம் நன்கு இயங்கும். கையால் தொட்டறிய இயலாத அவ்வெப்பத்தை அறிந்து சொல்ல, விரலளவே உள்ள உணரி ஒன்று நீர்மத்தில் நனைந்தபடி பொருத்தப்பட்டுள்ளது.

உணரியின் உள்ளே தெர்மிஸ்டர் என்னும் சிறுபொருள் உண்டு. செம்புக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும். இதிலோ வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும். இவ்வியல்பை வெள்ளி சல்பைடில் மைக்கேல் பாரடே 1833ஆம் ஆண்டில் கண்டறிந்தார். பல வண்டிகளின் உணரி, 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம் தடையையும் 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம் தடையையும் காட்டும். இதனைக் கொண்டே வண்டியின் கணினி, எரிபொருளின் அளவையும் விசிறி சுழலவேண்டிய நேரத்தையும் முடிவு செய்கிறது.

மெய்யா, பொய்யா?
உணரி பழுதுற்று, சூடான இயந்திரத்தைக் குளிர்ந்தது எனச் சொன்னால் எரிபொருள் வீணாகும், கரும்புகை எழும், விசிறி சுழலாமலும் போகலாம். ஆயினும், முள் ஏறியவுடன் உணரியைப் பழித்தல் தகாது. நீர்மம் குறைந்திருக்கலாம், குழாய் கசிந்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம். அப்பொழுது உணரி சொல்வது உண்மையே. மெய் சொன்ன உணரியை மாற்றிவிட்டு வண்டியை ஓட்டினால் இயந்திரமே கெடும்.

ஓர் ஒற்றன் தந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் திருவள்ளுவர் அறிவுறுத்துகிறார். இங்கு மல்டிமீட்டரே அந்த மற்றோர் ஒற்றன்.

மாற்றும் முறை
இப்பணியைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். நீங்கள் உடனிருந்து காணுங்கள்.

1. இயந்திரம் முழுதும் ஆறும்வரை சில மணிநேரம் காத்திருக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தால் அடங்கியுள்ள நீர்மம், மூடி திறந்ததும் கொதித்துப் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும்.
2. நீர்மத்தின் அளவு, குழாய்கள், மின்கம்பிகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.
3. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை நீக்கி, உணரியின் மின்னிணைப்பைப் பிரித்து, ஸ்பேனரால் உணரியைக் கழற்ற வேண்டும். சிந்தும் நீர்மத்தை ஒரு தட்டில் ஏந்த வேண்டும்.
4. உணரியின் முனையைக் குளிர்ந்த நீரிலும் பிறகு வெந்நீரிலும் அமிழ்த்தி, மல்டிமீட்டரால் தடையை அளக்க வேண்டும். தடை மாறவில்லையெனில் உணரி பழுதானது.
5. புதிய உணரியைப் புதிய அடைப்பு வளையத்துடன் பொருத்தி, அளவோடு முறுக்க வேண்டும்.
6. குறைந்த நீர்மத்தை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். உணரியைக் காற்றுக்குமிழி சூழ்ந்தால் புதிய உணரியும் பிழையாகவே சொல்லும்.

கூலண்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்குமுன் துடைத்துவிட வேண்டும்.

சொல்லும் பொருளும்
ஒற்றன் – மறைந்திருந்து செய்தி அறிபவன்
உணரி – சென்சார்
பீறிட்டு – வேகமாகப் பாய்ந்து
தகாது – பொருந்தாது

பயிற்சி
1. வெப்பம் ஏறும்பொழுது தெர்மிஸ்டரின் மின்தடை என்னவாகும்?
2. சூடான ரேடியேட்டரின் மூடியை ஏன் திறக்கக் கூடாது?
3. கேட்ட செய்தியை வேறொரு வழியில் சரிபார்த்து நீங்கள் உண்மை அறிந்த நிகழ்ச்சி ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.