ஒண்ணாப்பின் ஒரு வாரம்

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது என்பது நம் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் கிடைத்த ஏற்பாடு. அதற்கு முன் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் நிலாவைப் பார்த்துத்தான் விடுமுறை விட்டன. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, இடையில் வரும் அஷ்டமி. மற்ற நாளெல்லாம் பொழுது விடியும் முன்பே பிள்ளைகள் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் இருந்தாக வேண்டும். தாம் படித்த திண்ணைப் பள்ளியின் நடைமுறைகளை உ.வே.சா. ‘என் சரித்திரம்’ நூலில் விவரித்திருக்கிறார். பிரம்பு உட்பட எல்லாம் அதில் உண்டு.

அங்கே முதல் பாடம் மணலில். பரப்பிய மணலில் வாத்தியார் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தைப் போடுவார். பிறகு பிள்ளை தானே அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருக்கும். கை பழகும்வரை அந்த ஓர் எழுத்துதான். இந்த வாரத்துக்குள் இத்தனை எழுத்து என்ற கணக்கெல்லாம் கிடையாது. கொஞ்சம் தேறிய பிள்ளை சட்டாம்பிள்ளையாகி, சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் விடுதியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களை ஒதுக்கிவிட்டு, 8 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பி 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையால் ‘மதராஸ் முறை’ இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த சட்டாம்பிள்ளைக்கு இதில் பெயரும் இல்லை, பங்கும் இல்லை.

நான் ஒண்ணாப்பு சேர்ந்த எழுபதுகளில் மணல் போய்ச் சிலேட்டு வந்திருந்தது. சேர்க்கைக்கு வயதுச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடவில்லையென்றால் அடுத்த வருஷம். பிறந்த தேதியைத் தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளாக எழுதிக்கொள்வார். என் தலைமுறையில் பாதிப் பேர் அரசாங்கக் கணக்கில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் என்பதற்கு ஜோதிடக் காரணம் எதுவும் இல்லை.

அந்த ஒண்ணாப்பின் வாரத்தில் என்ன நடந்தது என்று யோசித்தால், பெரும்பாலும் காத்திருந்ததுதான் நினைவுக்கு வருகிறது. திங்கட்கிழமை காலையில் கொடியேற்றம். அது முடிந்து உள்ளே வந்தால், டீச்சர் ஒவ்வொருவர் சிலேட்டிலும் பெரிதாக ஓர் எழுத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டு இரண்டாம் வகுப்புப் பக்கம் போய்விடுவார். ஒரே அறை, இரண்டு வகுப்பு, ஒரு டீச்சர். நாங்கள் அந்த எழுத்தின் மேலேயே பலப்பத்தை ஓட்ட வேண்டும். பத்துத் தடவை ஓட்டினால் கோடு விரல் தடிமனுக்கு ஆகிவிடும். எழுத்தின் சுழியெல்லாம் அடைபட்டு ‘அ’ ஒரு வெள்ளை உருண்டையாக நிற்கும். எச்சில் தொட்டு முழங்கையால் துடைப்பது குற்றம். சரஸ்வதிக்குக் கோபம் வருமாம். அதற்காகத்தான் கோவை இலை. வேலியில் பறித்த இலையைக் கசக்கித் தேய்த்தால் சிலேட்டு கறுத்துப் பளபளக்கும். பலப்பத்தைத் தின்றவர்கள் இருந்தார்கள். நானும் தின்றிருக்கிறேன், மண்வாசனையோடு நன்றாகத்தான் இருக்கும்.

செவ்வாயும் புதனும் அதே எழுத்து. சந்தை நாளில் பாதி வகுப்பு வராது. சாயங்காலம் மரத்தடியில் வரிசையாக நின்று வாய்ப்பாடு: ஒருவன் முன்னால் நின்று கத்த, மற்றவர்கள் திருப்பிக் கத்த வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் அஞ்சாப்பு அண்ணன்மார் அடுப்புக்கரியையும் ஊமத்தை இலையையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவார்கள். அந்த வாசனை வந்துவிட்டால் வாரம் முடிந்தது என்று தெரிந்துகொள்வோம். ஆக, ஒரு வாரத்துக்கு ஒரு எழுத்து, கூடிப்போனால் இரண்டு. அவசரம் என்ற பேச்சே இல்லை.

இதை இன்று சொல்லும்போது பலர் பெருமூச்சு விடுகிறார்கள். ‘அந்தக் காலத்துப் படிப்பு’ என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நிதானம் எங்களுக்காக வந்ததில்லை, டீச்சருக்கு வேறு வழியில்லாததால் வந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் வீட்டில் யாராவது சொல்லிக்கொடுத்தவர்கள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்தார்கள். படிக்கத் தெரியாமலே மிக அழகாக எழுதும் பிள்ளைகள் அன்று வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்கள் அறையின் பின்பக்கம் நகர்ந்து நகர்ந்து, ஒண்ணாப்பையே இரண்டாம் தடவை படித்து, ஒரு நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். பள்ளியில் அவர்களைக் கொஞ்ச காலமாவது பிடித்துவைத்தது மதியச் சோறு. காமராசர் காலத்தில், 1956இல் வந்த மதிய உணவு அது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார்.

உண்மையான உடைப்பு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையைக் கொண்டுவந்தார். 2007-08இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுவதும் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பாடம் முழுவதும் அட்டைகளாக உடைக்கப்பட்டு, ஏணிப்படி ஒன்றில் வரிசையாக நின்றது. இன்று வராத பிள்ளை நாளை வந்து, தான் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். எழுத்துகளும் அகர வரிசையை விட்டு, ட, ப, ம என்று கைக்கு எளிதானவற்றிலிருந்து தொடங்கின. அந்த மூன்றே எழுத்து தெரிந்தால் ‘படம்’ படித்துவிடலாம். அரிச்சுவடியில் உயிர், மெய், உயிர்மெய் என்று போய் அந்தச் சொல்லுக்கு வந்து சேர எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் சட்டாம்பிள்ளை திரும்ப வந்ததுதான் எனக்கு வேடிக்கை. ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு, சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று வகுப்பைப் பிரித்திருந்தார்கள். திண்ணையில் இருந்தது, எழும்பூருக்குப் போய், லண்டனைப் பார்த்து, இருநூறு வருஷம் கழித்து ஒன்றியப் பள்ளிப் பாயில் வந்து உட்கார்ந்தது. கையில் பிரம்பு மட்டும் இல்லை. 2010இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் அடியைச் சட்ட விரோதமாகவே ஆக்கிவிட்டது.

கொரோனாவில் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் தொடங்கியது. 1 முதல் 3 வகுப்பு வரை. பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல், எந்த அளவுக்குத் தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அறைக்குள்ளேயே பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம், படைப்புக் களம். எங்களுக்குத் தெற்குச் சுவர், வடக்குச் சுவர்தான் இருந்தன.

என் அக்கா மகள் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒண்ணாப்பு டீச்சர். அவள் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எட்டரை மணிக்குள் பிள்ளைகள் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் போன காலை உணவு. ஊரில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்கள் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதி. உப்புப் போதவில்லையென்றால் வீட்டுக்கே புகார் போகும், நல்ல விதிதான். பிள்ளைகளுக்குக் கிழமை தெரிவதே இப்போது தட்டை வைத்து. “நாளைக்குப் பொங்கல்” என்று ஒருத்தி எனக்குச் சொன்னாள். நாளைக்குப் புதன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வகுப்பு தொடங்கியதும் பாட்டு, கை கால் ஆட்டம். பிறகு தரையில் சாக்பீஸால் பெரிய ‘ம’. அதன் கோட்டின் மேல் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்க வேண்டும். ஒருவன் கடைசிக் கொட்டையை வைக்குமுன் எழுத்து எந்தப் பக்கம் வளையும் என்று நிறுத்தி யோசித்தான், முதலில் தொடங்கிய இடத்துக்குப் போய் விரலால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான், பிறகு வைத்தான். அந்த அரை நிமிஷம் டீச்சர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தை விரல்தான் முதலில் கற்கிறது என்பதைத் திண்ணை வாத்தியார் அறிந்திருந்தார். 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியும், உப்புத்தாள் எழுத்துகளைக் கொண்டு அதையேதான் சொன்னார். இடையில் இருந்த நாங்கள்தான் நேரே பலப்பத்துக்குப் போய்விட்டோம்.

பத்தரைக்குள் எழுத்து முடிந்து காகிதப் பையில் செய்த பொம்மைகள் வந்துவிட்டன. ஒரு யானையும் எறும்பும் சண்டை போட்டன. அப்புறம் குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி எண்கள். அப்புறம் ஆங்கிலப் பாட்டு. மதியம் முட்டை. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. பிறகு கிரேயான். எழுபதுகளில் எனக்கு ஒரு மாதம் நடந்ததெல்லாம் சேர்ந்து அன்று மதியத்துக்குள் முடிந்திருந்தது. பிள்ளைகள் களைக்கவில்லை. நான் களைத்துவிட்டேன், டீச்சரும் களைத்திருந்தாள்.

பெற்றோருக்கு மட்டும் இது பிடிபடவில்லை. சாயங்காலம் ஒரு தாய் வாசலில் நின்று கேட்டார்: “என்ன டீச்சர், பையன் நோட்டுல ஒண்ணுமே எழுதலையே?”

“மூணு எழுத்து படிச்சிருக்கான்மா. நீங்களே கேட்டுப் பாருங்க.”

“பக்கத்து வீட்டுப் பாப்பா எல்கேஜிலயே ரெண்டு நோட்டு முடிச்சிருச்சு.”

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்த படிப்பு நோட்டில் தெரியும் படிப்பு. தனியார் பள்ளிகள் அதைத்தான் விற்கின்றன: நாலு வயதில் வீட்டுப்பாடம், ஐந்து வயதில் டியூஷன். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்கேஜி, யுகேஜி தொடங்கியதற்கும் அந்த ஓட்டம்தான் காரணம். விளையாட்டும் புளியங்கொட்டையும் நோட்டில் ஒட்டாது. அரசுப் பள்ளி இன்று ஒண்ணாப்பில் செய்யும் நல்ல காரியங்களில் பாதி, பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்று வீட்டில் யோசிக்க வைப்பவை. இது சங்கடமான உண்மை.

வாரத்தின் நெரிசல் பிள்ளைக்குச் சுமையில்லை என்பது என் முடிவு. ஐந்து வயதுக்கு ஒரே எழுத்தோடு ஐந்து நாள் உட்காருவதுதான் தண்டனை. சுமை வேறு இடத்தில் ஏறியிருக்கிறது. வருகைப்பதிவு செயலியில், மதிப்பீடு செயலியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. வெள்ளிக்கிழமை மதியம் நான் மறுபடி போனபோது அக்கா மகள் ஜன்னல் ஓரம் கையை உயர்த்திப் போனுக்குச் சிக்னல் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வகுப்பும் அவள் ஒருத்தியிடம். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அரும்புக் குழுவில் இரண்டு பேர் அவளுடைய துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு எறும்புக் கதையை மறுபடி கேட்டார்கள். “இரும்மா, இது ஏறட்டும்” என்றாள். அது ஏறவில்லை. கதையும் நடக்கவில்லை. அந்த இருபது நிமிஷத்துக்கு என் டீச்சரும் அவளும் ஒன்றுதான்: இருவரும் வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்குக் குறுவள மையத்தில் ஆசிரியர் பயிற்சி. கிளம்பும்போது கேட்டேன், “என்ன குடுத்தா உனக்கு நல்லாருக்கும்? ஸ்மார்ட் போர்டா?”

“போர்டு வேண்டாம் மாமா. இந்த போனைப் பாத்துக்க ஒரு ஆள் போட்டுட்டா போதும், வகுப்பை நான் பாத்துக்குவேன்.”