ஒரே கையில் இரண்டு ஊர் நேரம்!

ஸ்ரீரங்கத்தில் காலை 6 மணி.

கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். வீடுகளில் காபிக்குப் பால் காய்கிறது.

அதே நேரத்தில் சிங்கப்பூரில் மணி 8-30. வேலைக்குப் போகிறவர்கள் ரெயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். துபாயில் மணி 4-30. இன்னும் பொழுது விடியவில்லை. குளிர் காலமாக இருந்தால், லண்டனில் நள்ளிரவு 12-30. நியூயார்க்கிலோ முதல் நாள் இரவு 7-30!

இந்த ஊர்களில் எல்லாம் திருச்சிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தாயார், "பையனிடம் ஒரு வார்த்தை பேசலாம்" என்று போனை எடுக்கிறார். அவருக்கு அது காலை நேரம். துபாயில் இருக்கும் மகனுக்கோ அது நடுத்தூக்கம். அந்த வேளையில் போன் மணி அடித்தால் அவன் என்ன நினைப்பான்? "அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது!" என்று அலறிப் புடைத்து எழுந்திருப்பான். "ஒன்றும் இல்லையடா, சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்று தாயார் சொல்லும் வரை அவன் உயிர் அவனிடத்தில் இராது.

இந்தப் பதற்றத்தைத் தவிர்க்க ஒரு சாதனம் உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு ஊர் நேரத்தைக் காட்டும் கடிகாரம் அது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ளுமுன், ஊருக்கு ஊர் நேரம் ஏன் மாறுகிறது என்பதைப் பார்ப்போம்.

4 நிமிடக் கணக்கு

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. ஆகவே, 1 மணிக்கு 15 டிகிரி. 1 டிகிரிக்கு 4 நிமிடம்.

கிழக்கே இருக்கும் ஊருக்குச் சூரியன் முதலில் வருகிறது. மேற்கே இருக்கும் ஊருக்குப் பிறகு வருகிறது. இவ்வளவுதான் விஷயம்.

சென்னையைவிடத் திருச்சி மேற்கே சுமார் ஒன்றரை டிகிரி தள்ளி இருக்கிறது. எனவே, சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து சுமார் 6 நிமிடம் கழித்துத்தான் திருச்சியில் உச்சிக்கு வருகிறது.

அந்தக் காலத்தில் இந்த 6 நிமிடத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாளை 60 நாழிகையாகப் பிரித்திருந்தார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். சூரியன் உதித்து இத்தனை நாழிகை என்று கணக்கிட்டார்கள். ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்ச் சூரியனே கடிகாரம்.

திருச்சிக்கு இரண்டு நேரம்

1862-ம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் இருந்து திருச்சிக்கு ரெயில் வந்தது. அதோடு தொல்லையும் வந்தது.

ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் ரெயில் ஓட முடியுமா? எதிரும் புதிருமாக வரும் இரண்டு ரெயில்களின் டிரைவர்கள் ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டால் என்ன ஆவது?

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த வான ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து அங்கே துல்லியமாக நேரம் கணித்தார்கள். 1870-க்குப் பிறகு அந்தச் "சென்னை நேரம்" இந்திய ரெயில்களுக்குப் பொது நேரம் ஆயிற்று. தந்திக் கம்பி மூலம் அது ஊர் ஊராகப் போயிற்று.

அப்போது திருச்சி ரெயில் நிலையத்தில் மணி 12 என்றால், திருச்சிச் சூரியன் கணக்குப்படி 11-54. ஊருக்கு ஒரு நேரம், ஸ்டேஷனுக்கு ஒரு நேரம்! ஊர் நேரத்தை நம்பிப் போனவருக்கு ரெயிலின் புகைதான் தெரிந்திருக்கும்.

1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். லண்டனை அடுத்த கிரீன்விச் வழியாகச் செல்லும் கோட்டை உலகக் கணக்குக்கு ஆரம்பமாக வைத்துக்கொள்வது என்று அங்கே முடிவு செய்தார்கள். 1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் இந்தியாவுக்கு ஒரே நேரம் வந்தது. உத்தரப்பிரதேசத்தில் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ டிகிரிக் கோட்டை வைத்து அதைக் கணக்கிட்டார்கள். கிரீன்விச்சைவிட அது 5½ மணி முந்தியது.

ஆனாலும், கல்கத்தா 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை விடவில்லை!

இன்றும்கூடத் திருச்சியில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12-15-க்கு. மலைக்கோட்டை உச்சியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர், சூரியனைவிடக் கால் மணி முந்திய நேரத்தைத்தான் பார்க்கிறார்.

மாற்றியது சூரியன் அல்ல, சட்டம்

நேரம் என்பது சூரியனை மட்டும் பொறுத்தது அல்ல. அரசாங்கத்தின் உத்தரவையும் பொறுத்தது.

1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், அங்கே டோக்கியோ நேரத்தை வைத்தார்கள். போர் முடிந்த பிறகு சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட 2 மணி முந்தி இருந்தது. 1982-ம் ஆண்டு பிறந்தபோது மலேசியாவும் சிங்கப்பூரும் மேலும் அரை மணி முன்னே போயின. அன்று முதல் வித்தியாசம் 2½ மணி. "சிங்கப்பூருக்கு 2 மணிதானே?" என்று வயதானவர்கள் யாராவது சொன்னால், அது தவறான நினைவு அல்ல. பழைய நினைவு!

இலங்கையில் 1996-ல் கடிகாரத்தை முதலில் 1 மணி முன்னே தள்ளினார்கள். சில மாதத்தில் அரை மணி பின்னே இழுத்தார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே நடந்தது. ஒரே தீவில் இரண்டு நேரம்! 2006 ஏப்ரலில்தான் இலங்கை மீண்டும் இந்திய நேரத்துக்கு வந்தது.

கப்பலும் விமானமும்

நாகப்பட்டினத்தில் "ரஜூலா" கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலம் ஒன்று உண்டு. கடற்பிரயாணம் பல நாள். கப்பல் கடிகாரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே போவார்கள். உடம்பும் அதோடு சேர்ந்து பழகிவிடும்.

விமானம் அப்படி அல்ல. திருச்சியில் ஏறினால் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர். இறங்கும்போது 2½ மணி ஒரேயடியாகக் காணாமல் போயிருக்கும்.

விமானிகளுக்கு இந்தச் சிரமம் அதிகம். அதனால்தான் 1950-களின் நடுவில், அமெரிக்காவின் "பான் அமெரிக்கன்" விமானிகளுக்காக ரோலெக்ஸ் கம்பெனி ஒரு கடிகாரம் செய்தது. அதில் வழக்கமான முட்களோடு இன்னொரு முள்ளும் இருந்தது. அது 24 மணிக்கு ஒரு முறைதான் சுற்றும். பிரயாணக் கடிகாரங்களில் பிரபலமானது அதுவே. இன்று பல கம்பெனிகள், சாதாரண விலையிலும், அந்த மாதிரியில் செய்கின்றன.

கூடுதல் முள்

இதைப் பயன்படுத்துவது சுலபம்.

வழக்கமான முட்களை நீங்கள் நிற்கும் ஊருக்கு வையுங்கள். கூடுதல் முள்ளைச் சொந்த ஊருக்கு வையுங்கள். அந்த முள்ளுக்கு 24 எண்கள் உண்டு. அது 6-ல் நின்றால் திருச்சியில் காலை 6 மணி. 18-ல் நின்றால் மாலை 6 மணி. இரவா பகலா என்ற குழப்பமே இல்லை.

ஆனால், நம் நாட்டுக்காரர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அதுதான் அந்த "½".

பெரும்பாலான நாடுகள் முழு மணிக் கணக்கில் இருக்கின்றன. நாமோ 5½. (நேபாளம் 5¾!) உலக நகரங்களின் பெயரைப் பொறித்த கடிகாரங்களில், 5 மணிக்குக் கராச்சியும் 6 மணிக்கு டாக்காவும் இருக்கும். பல கடிகாரங்களில் இந்திய ஊர் ஒன்றும் இராது.

கூடுதல் முள் உள்ள கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு ஊருக்கும் பொது. சிங்கப்பூரில் இரவு 9 மணி ஆகும்போது திருச்சியில் 6-30. கூடுதல் முள் 18-க்கும் 19-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சில கடிகாரங்களில் அந்த முள் முழு மணியாகத்தான் தாவும். அப்படியானால் அதை 3 மணி பின்னே வைத்துவிட்டு, மனதில் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்பவர்கள், ஒரே பட்டையில் இரண்டு தனித்தனி முகம் உள்ள கடிகாரத்தை வாங்கலாம். இரண்டுக்கும் தனி இயந்திரம், தனித் திருகு இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

காசு செலவில்லாத வழி

"செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வெளிநாட்டில் இறங்கியதும் செல்போன் பெரும்பாலும் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அதனால் புதுக் கடிகாரம் வாங்காமலேயே காரியம் நடக்கும். கையில் இருக்கும் பழைய கடிகாரத்தைத் தொடாதீர்கள். அது திருச்சி நேரத்தைக் காட்டட்டும். போன் அந்த ஊர் நேரத்தைக் காட்டட்டும்.

லண்டனில் பிள்ளை இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு. முள் உள்ள கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். இங்கே பிற்பகல் 3 மணியானால், தலைகீழாகப் பார்க்கும்போது 9-30 மாதிரி தெரியும். லண்டனில் அப்போது காலை 9-30 தான்! மணி முள் கொஞ்சம் விலகி நிற்கும். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால், இது குளிர் காலத்துக்கு மட்டுமே பொருந்தும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை லண்டனில் 1 மணி முன்னே வைத்துவிடுவார்கள். அப்போது 1 மணி கூட்டிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரிலும் துபாயிலும் இந்த வழக்கம் இல்லை.

நள்ளிரவு விமானம்: உஷார்!

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2-ந்தேதி திறந்துவைத்தார். கட்டிடம் புதிதானாலும், பழைய தவறு ஒன்று புதுப் பிரயாணிகளுக்குக் காத்திருக்கிறது.

டிக்கெட்டில் "15-ந்தேதி, 00-30" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15-ந்தேதி இரவு சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் விமானம் இராது. அது முதல் நாள் நள்ளிரவு தாண்டியதுமே பறந்துபோயிருக்கும்! 14-ந்தேதி இரவு 9 மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதில் தவறினால் டிக்கெட் பணம் போகும். குறித்த நாளில் வேலையில் சேர வேண்டியவருக்கு வேலையே போனாலும் போகும். கடன் வாங்கிப் புறப்படும் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டமா?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. டிக்கெட்டில் புறப்படும் நேரம், புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம், சேரும் ஊரின் நேரம். திருச்சியில் 1 மணிக்குப் புறப்பட்டு, சிங்கப்பூரில் 7-45-க்குச் சேரும் என்று இருந்தால், பிரயாணம் 6¾ மணி அல்ல. 2½ மணியைக் கழியுங்கள். 4¼ மணிதான்.

ராகுகாலம் எப்போது?

நம்மூர் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போகிறவர்கள் பலர். திங்கட்கிழமை ராகுகாலம் 7-30 முதல் 9 வரை என்று அதில் இருக்கும். காலை 6 மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே சுமார் 7 மணிக்கு. ஆகவே, அங்கே ராகுகாலம் 8-30 முதல் 10 வரை. நாட்காட்டியை நம்பி 9 மணிக்குப் புது வீட்டில் பால் காய்ச்சினால், ராகுகாலத்திலேயே காய்ச்சியதாக ஆகும்!

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் அதிகாலை 4-45-க்குப் பரமபதவாசல் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நேரடி ஒளிபரப்பில் பார்க்க விரும்பும் சிங்கப்பூர்க்காரர் காலை 7-15-க்கு உட்கார்ந்தால் போதும். துபாயில் இருப்பவர் 3-15-க்கே எழுந்திருக்க வேண்டும். லண்டனில் இருப்பவருக்கு அது முதல் நாள் இரவு 11-15. மறுநாள் காலையில் எழுந்து பார்க்கலாம் என்று படுத்தால், எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பிரயாணம் போகிறவருக்குக் கடிகாரம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் தாயாருக்கு?

பழைய சுவர்க் கடிகாரம் ஒன்று எந்த வீட்டுப் பரணிலும் கிடக்கும். அதைத் துடைத்து, புது பாட்டரி போடுங்கள். மகன் துபாயில் இருந்தால் 1½ மணி பின்னே வையுங்கள். குவைத்திலோ கத்தாரிலோ இருந்தால் 2½ மணி பின்னே. சிங்கப்பூர், மலேசியா என்றால் 2½ மணி முன்னே. அடியில் ஊர்ப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

தாயாருக்குக் கூட்டவோ கழிக்கவோ தெரிய வேண்டியதில்லை. போனை எடுக்குமுன் அதை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

அந்தக் கடிகாரத்தில் மணி 7 ஆகட்டும். பிறகு கூப்பிடட்டும். "என்னம்மா, சாப்பிட்டாயா?" என்று மகன் நிதானமாகக் கேட்பான்.