ஒரு க்ளிக் எவ்வளவு?

இந்த வாரம் ஃபிலிம் கேமரா பத்திப் பேசினோம். கணக்கைக் காதால கேட்டா மனசுல நிக்காது, அதனால எழுத்துல தர்றோம். கேமராவுக்கு ஒருமுறைதான் செலவு, ஃபிலிமுக்கு ஒவ்வொரு க்ளிக்கும் செலவு. அதனால கேட்க வேண்டியது: ஒரு படத்துக்கு எவ்வளவு?

இன்ஸ்டன்ட்

இன்ஸ்டாக்ஸ் மினி பேக்ல 10 படம், போலராய்டு பேக்ல 8 படம்தான். பேக் 18 டாலர்னு வெச்சுக்கிட்டா, போலராய்டு படம் ஒண்ணு 2.25 டாலர். பழைய போலராய்டு நிறுவனம் 2008-ல் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த ஆலையை ஒரு சின்னக் குழு காப்பாற்றி, ரசாயனக் கலவையைப் புதுசா உருவாக்கினாங்க. அதுதான் இன்றைய போலராய்டு ஃபிலிம்.

குளிர் நாட்டுல இருக்கிறவங்க கவனிங்க: 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனா போலராய்டு படத்தில் நிறம் மாறும். எடுத்த உடனே கோட்டுக்குள்ள வெச்சிடுங்க. ஒரு படம் வீணானா 2.25 டாலர் போச்சு.

ரோல் ஃபிலிம்

ரோல் 14 டாலர், கழுவி ஸ்கேன் பண்ண 16 டாலர், ஆக 30 டாலர்னு வெச்சுக்கலாம். 120 ரோல் ஒண்ணேதான், ஆனா கேமராவைப் பொறுத்து படங்களோட எண்ணிக்கை மாறும்:

6×4.5: 16 படம், படத்துக்கு 1.88 டாலர்
6×6: 12 படம், 2.50 டாலர்
6×7: 10 படம், 3 டாலர்
6×9: 8 படம், 3.75 டாலர்

அதே 30 டாலருக்கு 35 எம்எம் ஃபிலிம்ல 36 படம்: ஒண்ணு 83 சென்ட்.

எதை எடுக்கலாம்?

பாட்டியோட 80-வது பிறந்தநாள்னு வெச்சுக்கோங்க. இன்ஸ்டாக்ஸ்ல எடுத்தா அங்கேயே அவங்க கையில குடுக்கலாம். ஆனா அதுக்கு நெகட்டிவ் கிடையாது. அந்தப் படம் தொலைஞ்சா, ஃபோன்ல எடுத்து வெச்ச நகல்தான் மிச்சம். ரோல்ல நெகட்டிவ் இருக்கும். பத்து வருஷம் கழிச்சு உங்க பசங்களுக்கும் அதுலேர்ந்து பிரிண்ட் போடலாம். அதனால குடுக்கிறதுக்கு இன்ஸ்டன்ட், வெச்சுக்கிறதுக்கு 35 எம்எம்.

செலவைக் குறைக்கணுமா? கருப்பு-வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவப் பழகுங்க. டேங்க் ஒருமுறை வாங்கினா போதும், ஒரு பாட்டில் டெவலப்பர்ல பல ரோல் கழுவலாம்.

உங்க ஊர்ல ஒரு ரோல் கழுவ எவ்வளவு கேக்கிறாங்க? ரிப்ளை பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல ஊர் ஊரா ஒப்பிட்டுப் பாக்கலாம்.