எரிந்த ஏடுகளும் எஞ்சிய கற்களும்

ஸ்பானியர் வருமுன் அமெரிக்கக் கண்டத்தில் எழுத்தும் வரலாறும் அற்ற மக்களே வாழ்ந்தனர் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மெக்சிக்கோவின் தென்கிழக்கிலும் குவாத்தமாலாவிலும் அவற்றை அடுத்த நாடுகளிலும் தொன்றுதொட்டு இன்றளவும் வாழ்ந்துவரும் மாயா மக்களின் சரித்திரம் இவ்வெண்ணத்தை மறுக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 250 முதல் 900 வரை திக்கால், பாலெங்கே, கோப்பான் முதலிய மாயா நகரங்கள் சிறப்புற்றிருந்தன. அரசரின் பிறப்பு, முடிசூட்டு, போர், இறப்பு ஆகியவற்றை நாள் குறித்துக் கல்லில் பொறித்தனர். பூஜ்யத்திற்கும் தனிக் குறியீடு வைத்திருந்தனர். அத்தி இனத்து மரப்பட்டையால் செய்த தாளில் சுண்ணம் பூசி, மடிப்பேடுகளாக நூல்கள் எழுதினர். வெள்ளிக் கோளின் தோற்றத்தையும் மறைவையும் கணிக்கும் அட்டவணைகள் அவ்வேடுகளில் ஒன்றில் காணப்படுகின்றன.

1562 ஜூலையில், யுக்கத்தானிலுள்ள மானி என்னும் ஊரில், பிரான்சிஸ்கன் துறவி தியெகோ தெ லாந்தா இத்தகைய ஏடுகளையும் விக்கிரகங்களையும் தீயிலிடச் செய்தார். ஞானஸ்நானம் பெற்றோர் பழைய வழிபாட்டிற்குத் திரும்பினர் என்பதே குற்றச்சாட்டு. விசாரணையில் பலர் சித்திரவதைக்குள்ளாயினர். இன்று உலகில் எஞ்சியுள்ள பண்டைய மாயா ஏடுகள் நான்கே.

ஆயினும் அதே லாந்தா, பின்னர் யுக்கத்தானைக் குறித்து எழுதிய நூலில், மாயா எழுத்துக்கள் சிலவற்றை ஸ்பானிய அகரவரிசைக்கு நேராக வரைந்துவைத்தார். அந்நூல் 1864-இல் அச்சேறியது. அவ்வரிசையைக் கொண்டு முயன்ற பலர் தோல்வியுற்றனர். 1952-இல் சோவியத் அறிஞர் யூரி நோரோசொவ், அவை தனி ஒலிகளுக்குரியவை அல்ல, நம் உயிர்மெய் எழுத்துக்களைப் போல அசைகளைக் குறிப்பவை என விளக்கினார். அதே ஆண்டில் பாலெங்கேயின் கோயிலொன்றன் அடியில் அரசனொருவனின் கல்லறையை அல்பெர்த்தோ ரூஸ் திறந்தார். கல்வெட்டுக்களை வாசிக்கும் முறை வளர்ந்த பின்னரே, அங்கு அடக்கம் பண்ணப்பட்டவன் 615 முதல் 683 வரை ஆண்ட பாக்கால் என்பது தெளிவாயிற்று.

ஏடுகளை எரித்தவரின் குறிப்பே கற்களைப் பேசவைக்க உதவிற்று. இதனால் அவர் செய்த அழிவு நியாயமாகிவிடாது. தாம் வாசிக்க அறியாத நூல்களுக்கு அவர் தீர்ப்பளித்தார். அவற்றில் எத்தனை வானநூல், எத்தனை வரலாறு என்பதை இனி எவரும் அறிய இயலாது.

அத்தேனே பட்டணத்தில் பவுல் முதலில் சுற்றிப் பார்த்தார். பலிபீடத்தின் எழுத்தை வாசித்தார். அதன் பின்னரே பேசினார். பிறர் பண்பாட்டின் நடுவே ஊழியம் செய்யும் நாம் பின்பற்றவேண்டிய ஒழுங்கு இதுவே.