கடைசி லோஞ்சா? கவனம்!

“கரை தெரியுதெல்லே ஐயா, பிறகென்ன பயம்?”

நயினாதீவு இறங்குதுறையில், மைம்மல் பொழுதில், ஒரு லோஞ்சில் நின்ற பொடியன் என்னிடம் சொன்னது இது. நான் கேட்டது ஒரு லைஃப் ஜக்கெற். அவன் கையைக் காட்டிய இடத்தில், பின் வாங்குக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு செம்மஞ்சள் அங்கிகள் ஒரே நைலோன் கயிற்றால் சிப்பமாகக் கட்டிக் கிடந்தன. முடிச்சு உப்பேறிக் கல்லாகியிருந்தது. அதற்கு மேலே இரண்டு வெறும் காஸ் சிலிண்டர். சிலிண்டருக்கு மேலே காலை வைத்தபடி, அருச்சனைத் தட்டும் மடியுமாக ஒரு ஆச்சி.

அன்று அந்த முடிச்சு அவிழவேயில்லை. கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் குறிகட்டுவானில் இறங்கி பஸ்ஸுக்கு ஓடினோம். ஒரு பிசகும் இல்லை. பிசகில்லாமல் முடிகிற ஒவ்வொரு பயணமும் அந்த முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது என்பதுதான் என் கவலை.

இந்தியச் சஞ்சிகைகளில் இப்படியான கட்டுரைக்கு ‘உஷார்!’ என்று தலைப்புப் போடுவார்கள். எங்கள் பக்கத்தில் உசார் என்றால் தென்பு, உற்சாகம். திருவிழா முடிந்து கடைசி லோஞ்சுக்கு ஓடி வருகிற சனத்திடம் அந்த உசாருக்குக் குறைவேயில்லை. கவனம்தான் இல்லை.

கரை தெரிந்தால் பயமில்லை என்ற எண்ணம் தீவாருக்கு மட்டும் உரியது அல்ல. 2012 ஜனவரி 13ஆம் திகதி இரவு இத்தாலியில் கவிழ்ந்த கொஸ்தா கொன்கோர்டியா, எங்கள் நெடுந்தீவுப் படகு குமுதினியைப் போல நூறு கப்பல்களை வயிற்றுக்குள் போடக்கூடிய உல்லாசக் கப்பல். பயணிகளும் சிப்பந்திகளுமாக நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் ஏறியிருந்தார்கள். சிவிற்றாவெக்கியா துறைமுகத்தில் இருந்து அது வெளிக்கிட்டது இரவு ஏழேகால் மணியளவில். பாறையில் மோதியது பத்துக்குக் கால் மணி இருக்க. இடையில் இரண்டரை மணித்தியாலம்.

அன்று அந்தத் துறைமுகத்தில் புதிதாக ஏறியவர்கள் ஏறக்குறைய எழுநூறு பேர். ஆபத்து மணி அடித்தால் எங்கே கூடுவது, அங்கியை எப்படி மாட்டுவது, எந்த உயிர்காப்புப் படகு யாருக்கு என்று காட்டுகிற ஒத்திகை அவர்களுக்கு நடக்கவில்லை. ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, சட்டமே அப்படித்தான் இருந்தது. பயணிகள் ஏறி 24 மணித்தியாலத்துக்குள் ஒத்திகை வைத்தால் போதும். நாளைப் பின்னேரம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். பாறை நாளைப் பின்னேரம் வரை பொறுக்கவில்லை.

மோதிய பிறகும், மின்சாரக் கோளாறு, அறைக்குப் போங்கள் என்றுதான் சனத்துக்குச் சொல்லப்பட்டது. கப்பலைக் கைவிடும் கட்டளை வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியது. செத்தவர்கள் 32 பேர். கப்பல் சரிந்து கிடந்த இடத்தில் இருந்து பார்த்தால் ஜில்யோத் தீவின் வீட்டு விளக்குகள் தெரியும். கரை அவ்வளவு கிட்ட.

பிறகுதான் சட்டம் திருந்தியது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்பாட்டின்படி, ஒரு நாளுக்கு மேல் தங்கும் புதிய பயணிகளுக்குக் கப்பல் புறப்பட முதல், அல்லது புறப்பட்ட உடனேயே, ஒத்திகை நடந்தாக வேண்டும். 2015 ஜனவரி 1 முதல் இது நடைமுறை. அதைவிடக் குறைந்த பயணத்துக்கும் விளக்கமாவது சொல்ல வேண்டும். இந்த உடன்பாடு நாடு விட்டு நாடு போகிற கப்பல்களுக்கு. குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் போகிற லோஞ்ச் அதன் கணக்கில் வராது.

பிந்தி வெளிக்கிடுகிற கப்பலுக்கு ஒரு குணம் உண்டு. எதையாவது சுருக்கித்தான் அந்த நேரத்தைப் பிடிப்பார்கள், சுருக்கப்படுவது எப்போதும் பயணிக்குச் சொல்ல வேண்டிய நாலு வார்த்தை. தென்கொரியாவின் செவோல் கப்பலும் 2014 ஏப்ரல் 15ஆம் திகதி மூடுபனியால் பிந்தி, இரவு ஒன்பது மணியளவில்தான் இஞ்சியோனை விட்டது. மறுநாள் காலை சரியத் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லியது. பிள்ளைகள் சொல்வழி கேட்டார்கள். 304 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடச் சுற்றுலா வந்த மாணவர்கள்.

இவை பெரிய கப்பல், பெரிய கடல் என்பீர்கள். சரி, சின்னப் படகுக்கு வருவோம். கேரளத்தின் தானூரில் 2023 மே 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பொழுதுபட்ட பிறகு ஒரு சுற்றுலாப் படகு எடுத்தது. அடிப்படையில் மீன்பிடிப் படகு, மேலே தட்டுக் கட்டி ஆள் ஏற்ற மாற்றியிருந்தார்கள். அளவுக்கு மிஞ்சிய சனம், அநேகர் உடலில் அங்கி இல்லை. கவிழ்ந்தது நடுக்கடலில் அல்ல, ஆறு கடலோடு சேருகிற கழிமுகத்தில். 22 பேர் போனார்கள். எங்கள் நாட்டிலேயே, 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாததால் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் வெளிக்கிட்ட பிள்ளைகள் மாண்டார்கள். அக்கரை கண்ணுக்கு முன்னாலேயே கிடந்தது.

இனி எங்கள் கடைசி லோஞ்சைப் பாருங்கள். பகலில் ஏழெட்டுத் தடவையாகப் பிரிந்து வந்த சனம் முழுக்க, திரும்பும்போது ஒன்றிரண்டு லோஞ்சில்தான் ஏறும். விட்டால் இரவு தீவிலேதான் என்ற பதற்றம், ஆகவே “இன்னும் ரெண்டு பேர், இன்னும் ரெண்டு பேர்” முடிவதில்லை. ஓட்டிக்கும் விடியப்புறத்தில் இருந்து நின்ற அலுப்பு. நயினாதீவு அம்மாளாச்சியின் மகோற்சவம் வருகிற ஆனி மாதம் சோளகம் அடிக்கிற காலம். பின்னேரத்தில் காற்று விழாமல் நின்றால் குறிகட்டுவான் பக்கமே படகு ஆடும், நெடுந்தீவுக் கடலைச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி வாடையில் ஆறு மணிக்கே கருகிவிடும். இருட்டில் ஒருவர் விழுந்தால், விழுந்தது தெரிவதே பிந்தித்தான்.

நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலப் பாடு என்பதால் அங்குள்ளவர்கள் கடலை மதிக்கத் தெரிந்தவர்கள். குமுதினி என்ற பெயரைச் சொன்னாலே, அந்தப் படகில் பயணிகள் கொல்லப்பட்ட 1985 மே 15 நெஞ்சில் குத்துகிற சனம் அது. அந்தச் சாவுகள் மனிதன் செய்தவை, கடல் செய்தவை அல்ல, இந்தக் கட்டுரையில் சேர்த்து எண்ணவும் கூடாது. வடதாரகை, நெடுந்தாரகை என்று பிறகு வந்த படகுகளுக்கும் அவர்கள் காத்திருந்து பழகியவர்கள். எனக்குப் பயம் நயினாதீவுப் பயணத்தில்தான். கடல் என்ற நினைப்பே வருமுன் அது முடிந்துவிடுகிறது. வன்னியில் இருந்தும் தெற்கில் இருந்தும் பஸ் பஸ்ஸாக வருகிற யாத்திரிகர்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்?

ஆகவே, கயிறு கழற்ற முதல், படகு இன்னும் துறையில் கட்டியிருக்கும்போதே, கேட்டு வாங்கிப் போடுங்கள். “தேவையெண்டால் எடுக்கலாம்” என்பது பொய். படகு சரிகிற நேரம் நூறு பேருக்கு நடுவில் ஒரு முடிச்சை யார் அவிழ்ப்பது? பட்டுச்சேலை கசங்கும், வியர்க்கும், பக்கத்துப் பொடியள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆறு யார்ச் சேலையும் வேட்டியும் தண்ணீரில் காலைச் சுற்றினால் நீச்சல்காரனே திணறுவான். வாரை முன்னுக்குப் பூட்டி இறுக்கிப் பாருங்கள். இருவிரல் நுழைந்தால் போதும், கை நுழைந்தால் தளர்வு. பிள்ளைக்குப் பெரியவர் அங்கியைப் போட்டுவிட்டு ஆறுதல்படாதீர்கள். தண்ணீரில் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே வழுகும்.

இன்னொன்று: கீழ்த்தட்டுக்குள், சின்ன யன்னல் வைத்த அந்த அறைக்குள், நெருக்கி அடைந்து போய் உட்காராதீர்கள். காற்றுக்கு ஒதுக்கு என்று வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரரையும் அங்கேதான் அனுப்புகிறோம். படகு புரண்டால் முதலில் தண்ணீர் நிரம்புவதும் அங்கேதான், மிதக்கிற அங்கி ஆளைக் கூரையோடு ஒட்டிப் பிடித்துவிடும். படிக்குக் கிட்ட இடம் பாருங்கள். இடமில்லையென்றால் அடுத்ததற்கு நில்லுங்கள். அடுத்தது இல்லையென்றால், தீவில் ஒரு இரவு தங்குவதால் ஒருவரும் செத்ததில்லை.

லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் வருகிற எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல். 2023 ஜூனில் எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கே வந்தது, அதே ஆண்டு ஒக்ரோபரில் நாகபட்டினத்துப் படகுச் சேவையும் தொடங்கியது. கப்பல் பயணம் இனி எங்களுக்குப் புதினம் அல்ல. பெரிய உல்லாசக் கப்பல்கள் பலவற்றில் கொரோனாவுக்குப் பிறகு ஒத்திகை கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. படத்தை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, பெட்டி அடுக்கலாம். கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் கணக்கு முடிந்தது. இரவு புறப்படும் கப்பலென்றால் அந்த ஐந்து நிமிடத்தையும் திருடத் தோன்றும். திருடாதீர்கள். அறையில் இருந்து கூடுமிடத்துக்கு ஒருதரம் படியால் நடந்து போங்கள், மின்தூக்கி வேண்டாம். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அது பாட்டுக் கச்சேரிக்கு அழைப்பு அல்ல.

போன கிழமை திரும்பவும் நயினாதீவு போனேன். திரும்பும்போது வேறு லோஞ்ச், வேறு பொடியன், அதே சிப்பம். இந்தமுறை காற்சட்டைப் பையில் சின்னக் கத்தி கொண்டுபோயிருந்தேன். கயிற்றை வெட்டுகிறேன், காசு தருகிறேன் என்றேன். அவன் முறைத்தான், பிறகு தானே பல்லால் கடித்து முடிச்சை இளக்கினான். முதல் அங்கியில் வார் இல்லை. இரண்டாவதில் பூட்டு உடைந்திருந்தது. மூன்றாவது சரி. எனக்குப் பின்னால் இருந்த பெண் தன் மகளுக்கு ஒன்று கேட்டார், பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். நல்ல அங்கிகள் ஆறோடு முடிந்தன. ஏழாவதாகக் கையை நீட்டியவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு இறங்கிவிட்டார்.